நாலு வயல் சராசரி

உக்காருங்க சார். அந்தப் பக்கம் வேணாம், காக்கா எச்சம் கெடக்கு, இப்படி வாங்க. வி.ஏ.ஓ. பத்து மணிக்கு வாரேன்னு சொல்லியிருப்பாரு. பதினொன்றரைக்கு முன்னாடி வர மாட்டாரு. அவரைக் குத்தம் சொல்லலை, அவருக்கு நாலு ஊரு, ஒரு வண்டி, அந்த வண்டியும் நெனைச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும்.

பையைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. டேப்பு, நைலான் கயிறு, நாலு முளைக்குச்சி, தொங்கவிடுற தராசு. பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு வந்திருக்கீக. இந்த வட்டாரத்துக்குப் புதுசா? மாறுதல்லயா? அதான் பாத்தேன், இந்த ஊருக்கு வந்தவுக யாரும் முதல் பஸ்ஸுல வந்ததில்ல. லிஸ்ட்டை எடுக்காதீக சார். பைக்குள்ளயே இருக்கட்டும். நாலு சர்வே நம்பர் இருக்கும், தெரியும். வழி நான் சொல்றேன், இந்த ஊர்ல எனக்குத் தெரியாத வரப்பு இல்ல. ஆனா இப்ப வேணாம். கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டு அப்புறமாப் பாப்பம். எனக்கு அதைப் பாக்கப் பயமா இருக்கு, உள்ளதைச் சொல்லிட்டேன்.

என் பேரு வழிவிட்டான். நூத்திப் பதினெட்டு பை மூணு. ஒரு ஏக்கர் பதினேழு சென்ட்டு. பேரைச் சொல்லிட்டு உடனே சர்வே நம்பரைச் சொல்றானேன்னு பாக்குறீகளா? போன வருசத்துலேருந்து அப்படித்தான் ஆகிப்போச்சு.

இவன் என்ன இப்படிப் பேசுறான்னு நெனைக்காதீக. பேச ஆள் இல்ல சார். பதிமூணு மாசமாச்சு. டீக்கடையில "ஒரு டீ"ம்பேன். டீ வரும். வாங்கிக் குடிப்பேன். ரேசன் கடையில கைநாட்டு வப்பேன். அவ்வளவுதான் வாய்க்கு வேலை. பஸ்ஸுல வந்து எறங்குற ஆளுக, சோன்பப்டி விக்கிற ஆளு, கொசு மருந்து அடிக்க வர்ற ஆளு, இவுககிட்டத்தான் நான் பேசுறது. நீங்க மாட்டிக்கிட்டீக.

உங்களுக்குத் தெரியாததில்ல. எனக்கு வெளங்குனதைச் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. எங்க ஊர்ல நெல்லு போட்ட வயலு முன்னூத்திப் பன்னண்டு. எல்லாம் வானம் பாத்த வெள்ளாமை. மழை ஏமாத்துனா பயிர் இன்சூரன்ஸ் இருக்கு. ஆனா ஒவ்வொரு வயலா வந்து யாருக்கு எவ்வளவு நட்டம்னு பாக்க மாட்டாக. முன்னூத்திப் பன்னண்டுல நாலே நாலு நம்பரைச் சீட்டுப் போட்டு எடுப்பாக. அந்த நாலுலயும் அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கட்டம் கட்டி, அறுத்து, அடிச்சு, தூத்தி, எடை போடுவாக. நாலையும் கூட்டி நாலால வகுத்தா அதுதான் ஊரோட விளைச்சல். அது ஒரு அளவுக்குக் கீழ போனா ஊருக்கே காசு. மேல நின்னா ஒருத்தனுக்கும் இல்ல. சுத்தமா கருகிப்போனவனுக்கும் இல்ல. சரிதான சார்?

போன வருசம் கார்த்திகையோட மழை நின்னுபோச்சு. கருது வாங்குற நேரத்துல ஒரு சொட்டு இல்ல. கண்மாய் வெடிச்சுக் கெடந்துச்சு. என் வயல்ல மட்டும் பண்ணைக்குட்டை இருக்கு, கவர்மெண்டுல வெட்டிக் குடுத்தது. வெட்டுறப்ப ஊரே சிரிச்சுச்சு. இருக்கிறது ஒரு ஏக்கரு, அதுலயும் குழியா, எருமை குளிப்பாட்டப் போறியான்னு கேட்டாக. அந்தக் குழியில கெடந்த தண்ணியை ஆயில் எஞ்சின் வச்சு இருபத்திரண்டு நாளு எறைச்சேன். தெக்குப் பக்கம் பூரா நனைஞ்சுச்சு. வடக்குப் பக்கம் மேடு, தண்ணி ஏறலை, அங்க எல்லார் வயலு மாதிரியும் காஞ்சுதான் போச்சு. ஆனா தெக்குப் பக்கம் விளைஞ்சுச்சு பாருங்க, நீங்க பாத்திருக்கணும் சார். கருது தலை சாஞ்சு கெடக்கு. சுத்தி முன்னூறு வயலு வெள்ளைக் காயிதம் மாதிரி நிக்குது, நடுவுல என்னுது மட்டும் மஞ்சளா இருக்கு.

பாக்கத்தான் ஆள் இல்ல. பொண்டாட்டி போய்ச் சேந்து நாலு வருசம். பிள்ளை இல்ல. சாயங்காலமா வரப்புல உக்காந்து நானே பாத்துக்கிட்டு இருப்பேன்.

ஆள் இல்லைன்னு சொல்லக்கூடாது. சாத்தையா பாப்பான். சாத்தையாவைச் சொல்லணும் உங்களுக்கு. பக்கத்து வயலு, நூத்திப் பதினெட்டு பை ரெண்டு. ஒண்ணாங்கிளாஸ்லேருந்து ஒண்ணாத் திரிஞ்சவுக. அவன் எனக்கு மச்சான் முறை, நான் அவனுக்கு மாப்ள. நாப்பது வருசமா மத்தியானக் கஞ்சி ஒரே வரப்புல உக்காந்து குடிச்சிருக்கோம். என் பொண்டாட்டி செத்த மூணாம் நாளு, ஒண்ணும் பேசாம வந்து என் வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் வெளக்கி வச்சுட்டுப் போனவன். ஆம்பளை சார். பாத்திரம் வெளக்கிட்டுப் போனான்.

மாசி மாசம் லிஸ்ட்டு வந்துச்சு. நாலு நம்பர்ல என்னுது ஒண்ணு. முன்னூத்திப் பன்னண்டுல நாலு, அந்த நாலுல நானு.

அன்னைக்குச் சாயங்காலம் நாலு பேரு வீட்டுக்கு வந்தாக. ஊர்ப் பெரியாளுக மூணு பேரு, கூட சாத்தையா. பெரியாளுக நேராச் சொல்லிட்டாக, "வழிவிட்டா, இன்னைக்கே ஆட்டை உள்ள விட்ரு. உனக்கு ஆகுற நட்டத்தை ஊரு குடுக்கும். உன் ஒரு வயலால முன்னூறு வீடு கஞ்சிக்கு இல்லாமப் போயிரும்"னாக. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இருபத்திரண்டு நாளு தண்ணி எறைச்சவன் நானு. ஆடு திங்கவா எறைச்சேன்? "குழியைப் பாத்துச் சிரிச்ச வாயெல்லாம் இப்ப எங்க வச்சிருக்கீக"ன்னு கேட்டுட்டேன். அவுக எந்திரிச்சுப் போயிட்டாக.

சாத்தையா மட்டும் நின்னான். "சரி மாப்ள, ஆடு விட வேணாம். உன் கருதை நீ அறு. ஆனா நாளைக்கு அவுக கட்டம் கட்டுறப்ப நீ வாயைத் தொறக்காம நில்லு. எங்க விழுதோ விழுகட்டும். அது போதும்"னான்.

நான் சரின்னு தலையாட்டுனேனான்னு எனக்கு நெனவில்ல. ஆட்டுனேன்னு அவன் ஊர்ல சொல்லியிருக்கான்.

மறுநாளு வந்தவரு உங்களை மாதிரி இல்ல, ஏதோ காண்ட்ராக்ட்டு ஆளு. வெயில்ல அவருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. போனை எடுத்துத் தெசை பாக்குறாரு, போனு சுத்துது, இவரும் கூடச் சுத்துறாரு. கடைசியில வடகிழக்கு மூலையில போய் நின்னுக்கிட்டு அடி எண்ண ஆரம்பிச்சாரு. அங்கேருந்து எண்ணுனா எங்க விழுகும்? மேட்டுல விழுகும். காஞ்ச பக்கத்துல. ரெண்டு கிலோ தேறினாப் பெருசு. சாத்தையா வரப்புல நிக்கிறான். என்னையே பாக்குறான்.

நான் சொன்னேன், "சார், அது ஈசான மூலை. உங்க ரூல்படி கன்னி மூலையிலேருந்துல்ல அடி வைக்கணும்? தென்மேக்கு. அந்தா, அங்கிட்டு."

சொல்லிட்டேன். நான் எத்தனை வயல்ல இதைப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? தென்மேக்கு மூலையிலதான் ஆரம்பிக்கணும், குடுத்த நம்பர்படி நீளவாக்குல இத்தனை அடி, அகலவாக்குல இத்தனை அடி. அந்த ஆளு எனக்கு நன்றி சொன்னாரு சார். சொல்லிட்டு அங்கேருந்து பதினாலு அடி, ஒம்பது அடி. கட்டம் விழுந்துச்சு. தெக்குப் பக்கத்துல, நட்ட நடுவுல, நல்லதுலயும் நல்லதுல.

பதினொரு கிலோ இருநூறு கிராம்.

தராசு முள்ளு போய் நின்னப்ப அந்த ஆளு, "என்னங்கய்யா, இந்த வறட்சியில இப்படி விளைய வச்சிருக்கீக"ன்னாரு. போட்டோ எடுத்தாரு. என்னையும் கருதுக்கட்டோட நிக்கச் சொல்லி எடுத்தாரு. நான் திரும்பிப் பாத்தேன், வரப்புல சாத்தையா இல்ல.

எதுக்குச் சொன்னேன்னு கேக்குறீகளா? நேர்மைதான் சார். தப்பான மூலையில ஆரம்பிக்கிறாரு, பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். சொல்லக் கேக்க ஆள் இருந்த வரைக்கும்.

மத்த மூணு வயலும் ஒரு கிலோ நானூறு, ரெண்டு நூறு, ஒண்ணு எழுநூறு. என்னுதோட சேத்துக் கூட்டி நாலால வகுத்தா நாலு கிலோ நூறு. காசு வர்றதுக்கான அந்த அளவு எவ்வளவு தெரியுமா? மூணு கிலோ தொள்ளாயிரம். இருநூறு கிராம் மேல போயிருச்சு. ஊருக்குச் சல்லிக்காசு இல்ல. நான் மட்டும் வாயை மூடியிருந்தா என் கட்டமும் ரெண்டு கிலோ, சராசரி ரெண்டுக்கும் கீழ, பாதிக்கு மேல நட்டம்னு எழுதி பாதிக்கு மேல காசு வந்திருக்கும். ஊர்ல சின்னப்பிள்ளை கூட இந்தக் கணக்கைப் போட்டுச்சு.

யாரும் சண்டைக்கு வரலை சார். அதான் எனக்குத் தாங்கலை. நாலு பேரு சட்டையைப் பிடிச்சு அடிச்சிருந்தா, நானும் திருப்பி நாலு போட்டிருப்பேன், ஆறு மாசத்துல சரியாப் போயிருக்கும். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. பேச்சை நிறுத்திக்கிட்டாக, அம்புட்டுத்தான். டீக்கடை பெஞ்சுல நான் உக்காந்தா எந்திரிக்கக்கூட மாட்டாக. பேசிக்கிட்டு இருந்ததை நிறுத்திருவாக. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பத்துப் பேரும் ரோட்டைப் பாத்துக்கிட்டு இருப்பாக. முளைப்பாரித் திருவிழாவுக்கு வீடு வீடா வரி வாங்குனாக. எனக்கு முந்துன வீடு வரைக்கும் வந்தாக. அடுத்த வீட்டுல போய் நின்னாக. நான் பணத்தைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். வரி வாங்கலைன்னா என்ன அர்த்தம்னு உங்க ஊர்லயும் தெரியும்ல சார்? நீ இந்த ஊர்ல இல்லைன்னு அர்த்தம்.

சாத்தையா பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டான். பனியன் கம்பெனிக்கு. சொல்லாமப் போயிட்டான். எங்க தெருவுல மட்டும் ஆறு வீடு பூட்டு.

நான் சும்மா இருக்கலை. டவுன்ல புள்ளியியல் ஆபீஸ் இருக்குல்ல, அங்க போனேன். ஜெனிட்டா மேடம்னு ஒருத்தவுக இருந்தாக, இப்ப மாறிப் போயிட்டாக. நல்ல மனுசி. நான் கேட்டேன், "மேடம், நாலு வயலை வச்சு முன்னூத்திப் பன்னண்டு வயலை எப்படிச் சொல்றீக?"

அவுக சிரிச்சாக. "கொழம்பு கொதிக்கிறப்ப ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு உப்புப் பாக்குறது இல்லையா? நல்லாக் கலக்கிட்டு எடுத்தா ஒரு சொட்டு போதும். சீட்டுப் போட்டு எடுக்குறது கலக்குற மாதிரி"ன்னாக. "எங்க ஊரு கொழம்பு கலங்கலையே மேடம், உப்பெல்லாம் என் வயல்லல்ல கெடந்துச்சு"ன்னேன். அதுக்கு அவுக சிரிக்கலை. ஒரு பழைய ஃபாரத்தைத் திருப்பிப் போட்டுக் கோடு கிழிச்சாக.

அவுக சொன்னது இதுதான் சார். நாலு கிலோ நூறுங்கிறது உங்க ஊரோட நெசமான சராசரி இல்ல. இது எங்க கைக்குக் கெடைச்ச நாலோட சராசரி. நெசமானது இதுக்கு ரெண்டு பக்கமும் எங்கயோ இருக்கு. எவ்வளவு தூரம் தள்ளி இருக்கலாம்னு ஒரு கணக்கு இருக்குன்னாக. நாலு எடையும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி இருந்தா அந்த எடவெளி சின்னதா வரும். செதறிக் கெடந்தா பெருசா வரும். போட்டுப் பாத்தாக. கோட்டோட கீழ்முனை மைனஸ் மூணு சொச்சம், மேல்முனை பதினொண்ணரை.

"நெல்லு மைனஸ்ல விளையுமா மேடம்?"னேன்.

"விளையாதுங்கய்யா. அவ்வளவு கம்மியாத்தான் எங்களுக்குத் தெரியும்னு அர்த்தம். நாலு வயலு, அதுலயும் ஒண்ணு மட்டும் துருத்திக்கிட்டு நிக்குது. இந்தக் கணக்கே அதுக்குச் சரியா ஒக்காராது"ன்னாக.

அப்புறம் ஒண்ணு சொன்னாக, அதை நான் எத்தனையோ நாளு யோசிச்சிருக்கேன். இதே மாதிரி நாலு நாலு வயலா நூறு தடவை சீட்டுப் போட்டு, நூறு தடவை இப்படிக் கோடு கிழிச்சா, தொண்ணூத்தஞ்சு கோட்டுக்குள்ள உங்க ஊரோட நெசமான சராசரி மாட்டும், அஞ்சுல மாட்டாதுன்னாக. "எங்க கோடு அந்தத் தொண்ணூத்தஞ்சுல ஒண்ணா, அஞ்சுல ஒண்ணா மேடம்?"னேன். "அது எனக்குத் தெரியாதுங்கய்யா. யாருக்கும் தெரியாது"ன்னாக. கவர்மெண்டு ஆபீஸ்ல ஒருத்தர் தெரியாதுன்னு இவ்வளவு மரியாதையாச் சொல்லி நான் கேட்டதில்ல.

"அப்ப இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் இந்தக் கோடு பூராவும் பாப்பானா?"ன்னு கேட்டேன். "இல்ல, நடு நம்பரை மட்டும் எடுத்துக்குவாங்க"ன்னாக. மூணு தொள்ளாயிரம் அந்தக் கோட்டுக்குள்ளதான் கெடக்கு, அதுக்குக் கீழயும் எம்புட்டோ எடம் கெடக்கு. ஆனா நடுவுல நிக்கிற ஒரு புள்ளிதான் பேசும்.

"இன்னும் நெறைய வயலோட கணக்கு இருந்தா என்ன ஆகும்?"னு கேட்டேன். "நாப்பது வயலு இருந்தா கோடு சுருங்கிரும்"னாக. அம்புட்டுத்தான சார், நான் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிக்கிட்டு ஊருக்கு வந்தேன். வீடு வீடாப் போய் உனக்கு எத்தனை மூட்டைன்னு கேட்டு எழுதி, நாப்பது பேரு கணக்கைக் கொண்டுபோய் மேடம்கிட்ட குடுத்து, ஊரோட நெசமான சராசரி இதுதான்னு காட்டிரலாம்னு கெளம்பிட்டேன். ஊருக்குக் காசு வாங்கிக் குடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்ல?

பதினோரு வீட்டுல கதவைச் சாத்துனாக. ஒரு வீட்டுல பொம்பளைப் பிள்ளை வெளிய வந்து, "அப்பா இல்லைன்னு சொல்லச் சொன்னாரு"ன்னு சொல்லுச்சு. பாக்கிப் பேரு என்னைப் பாத்துக்கிட்டே வேலையைச் செஞ்சுக்கிட்டு இருந்தாக, நான் சுவத்துல நிக்கிற பல்லி மாதிரி. ஏழு பேரு சொன்னாக. ஏழு பேருல ரெண்டு பேரு ஊருக்கு வாக்கப்பட்டுப் புதுசா வந்த பொண்ணுக, அதுகளுக்கு விசயம் தெரியாது. ஒருத்தருக்குக் காது கேக்காது, நான் யாருன்னே வெளங்கலை அவருக்கு.

அந்த ஏழையும் கொண்டுபோனேன். மேடம் அந்த மூட்டைக் கணக்கை அஞ்சு மீட்டர் கட்டத்து எடையா மாத்திப் போட்டாக. சராசரி ஒண்ணு எழுநூறு, கோடு ஒண்ணு முன்னூறுலேருந்து ரெண்டு நூறு வரைக்கும். பாருங்க சார், சுருங்கிருச்சு! கோடு முழுக்க மூணு தொள்ளாயிரத்துக்கு இங்கிட்டே கெடக்கு. எனக்குச் சந்தோசம் தாங்கலை. மேடம் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இந்த ஏழு பேரை நீங்க எப்படிங்கய்யா தேர்ந்தெடுத்தீங்க?"ன்னாக. "என்கிட்ட பேசுனவுக இவுகதான் மேடம்"னேன். "பேசுனவங்களை மட்டும் எழுதுனா அது சீட்டுப் போட்ட மாதிரி ஆகாதுங்கய்யா. பேசாதவங்க எப்படின்னு நமக்குத் தெரியாதுல்ல"ன்னாக. எப்படி இருந்தாலும் கம்பெனிக்காரன் ஏத்துக்க மாட்டான்னும் சொன்னாக. எனக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்புனாக. அந்த டீயை ஒரு ஆளோட உக்காந்து குடிச்சேன் சார், அது இன்னைக்கும் நெனவிருக்கு.

பஸ்ஸுல வரும்போதுதான் யோசிச்சேன். கன்னி மூலைன்னு எதுக்குச் சொன்னேன்? நேர்மைதான், அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆளு என் வெள்ளாமையைப் பாக்காமப் போயிருவாரோன்னு இருந்துச்சு சார் எனக்கு. வெளியூர்லேருந்து ஒருத்தர் வந்திருக்காரு, காஞ்ச பக்கத்தைப் பாத்துட்டு இதுதான் வழிவிட்டான் வயலுன்னு எழுதிட்டுப் போகப் போறாரேன்னு பதறிப்போச்சு. பாக்கட்டும்னு கூப்பிட்டேன். அம்புட்டுத்தான். தலையாட்டுனேனான்னு கேட்டா, ஆட்டுனேன். சாத்தையா சொல்றது நெசம்.

ஆவணியில சாத்தையா திரும்பி வந்தான். பொண்டாட்டி பிள்ளையை அங்கயே விட்டுட்டு வெதைக்க மட்டும் வந்தான். இந்த வருசமும் நெல்லு கைக்கு வரலைன்னா வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு அங்கயே போயிர்றதுன்னு அவன் பொண்டாட்டி முடிவா சொல்லிருச்சாம். இதை அவன் என்கிட்ட சொல்லலை. டீக்கடையில வேற யார்கிட்டயோ சொன்னான், நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டுக் கேட்டேன்.

இந்த வருசமும் மழை அதே மாதிரிதான், கார்த்திகையோட முடிஞ்சுச்சு. குட்டையில ஒரு வயலுக்குத்தான் தண்ணி. நான் கணக்குப் போட்டேன் சார். உக்காந்து யோசிச்சுப் போட்ட கணக்கு. ஹோஸைத் தூக்கி அவன் வயல்ல போட்டேன். அவன் பகல்ல டவுனுக்குக் கொத்தனார் வேலைக்குப் போயிருவான். அவன் போனதும் எஞ்சினைப் போடுவேன், அவன் வர்றதுக்குள்ள நிறுத்திருவேன். பத்தொம்பது நாளு. என் வயலைக் காயவிட்டுட்டேன்.

ஏன்னு கேளுங்க. என் நம்பர் மறுபடியும் விழுந்தா, இந்தத் தடவை கட்டத்துல ஒண்ணும் இருக்காது, சராசரி கீழ போயிரும், ஊருக்குக் காசு வந்துரும், ஊரு என்கிட்ட பேசும். என் நம்பர் விழலையா, அப்பவும் சாத்தையா நெல்லு பொழைச்சுக்கும், அவன் வீட்டைக் காலி பண்ணிக்கிட்டுப் போக மாட்டான். விழுந்தாலும் நல்லது, விழலைன்னாலும் நல்லது. எப்படி என் கணக்கு? நானே மெச்சிக்கிட்டேன்.

அவனுக்குத் தெரியாம இருக்குமா? ஊரே காஞ்சு கெடக்குறப்ப ஒரு வயல்ல மட்டும் ஈரம் எங்கேருந்து வரும்? ஒரு நாளு எஞ்சினை நிறுத்த நேரமாயிருச்சு, அவன் சைக்கிள்ல வந்துட்டான். நான் ஹோஸைச் சுருட்டிக்கிட்டு நிக்கிறேன். அவன் வயலைப் பாத்தான், ஹோஸைப் பாத்தான். "ம்"னான். போயிட்டான். பதிமூணு மாசத்துல ஒரு "ம்" சார். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை, அவ்வளவு சந்தோசம்.

அவன் வயலு இப்ப எப்படி இருக்கு தெரியுமா? போன வருசம் என்னுது இருந்த மாதிரி இருக்கு. பன்னண்டு பதிமூணு கிலோவுக்குக் கொறையாது, என் கண்ணுத் திட்டம் தப்பாது. மேடும் இல்ல அதுல, நாலு மூலையும் ஒரே மாதிரி.

நேரம் ஆயிருச்சு, வி.ஏ.ஓ. வந்துருவாரு. சரி, எடுங்க சார். எடுங்க, இனி என்ன பயம். மெதுவா வாசிங்க.

நாப்பத்திரண்டு பை ஒண்ணு. அது பூசாரி வயலு, கண்மாய்க்கு அந்தப் பக்கம், ஒண்ணரைக் கிலோ தேறாது. எம்பத்தேழு பை அஞ்சு ஏ. அதுவும் கருகல்தான், மாடு மேயுது. அடுத்தது?

நூத்திப் பதினெட்டா?

இருங்க. நூத்திப் பதினெட்டுன்னா சொன்னீக? பை எத்தனை? நல்லாப் பாருங்க சார், மூணுதான? கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. டைப் அடிச்சதா. காட்டுங்க.

ரெண்டு.

அது சாத்தையா வயலு சார்.

மூணாவதா ஒண்ணு நடக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. விழுந்தா என்னுது விழுகும், இல்லைன்னா விழுகாது, இம்புட்டுத்தான் யோசிச்சேன். முன்னூத்திப் பன்னண்டும் அந்தச் சீட்டுக்குள்ளதான கெடந்துச்சு.

மாத்த முடியாதுல்ல சார்? ஒரு வரப்புதான் நடுவுல. தெரியும், கேக்கக்கூடாது. ரூல் பேசுனவன் நானு.

இன்னைக்கு நீங்க வயலைப் பாத்துத் தகவல்தான சொல்லப் போறீக, அறுப்பு நாளைக்குத்தான? அதுக்குள்ள இன்னைக்குச் சாயங்காலம் நாலு பேரு அவன் வீட்டுக்குப் போவாக. ஆட்டை விடுன்னு சொல்லுவாக. விட்டா அவன் நெல்லு போச்சு, பொண்டாட்டி சொன்னபடி திருப்பூரு. விடலைன்னா இந்த ஊர்ல அவன்கூட ஒருத்தரும் பேச மாட்டாக.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், நீங்க இந்த ஊரு ஆளு இல்ல, அதனால சொல்றேன். நீங்க ரெண்டுன்னு சொன்னீகல்ல, அப்ப எனக்கு ஒரு கணம் சந்தோசமா இருந்துச்சு. ஆட்டை விட மாட்டான் சாத்தையா, அப்புறம் அவன்கூடப் பேச இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் இருப்பேன்னு ஓடுச்சு மனசு. பாத்திரம் வெளக்கி வச்சவனை அப்படி நெனைச்சுட்டேன் சார். பதிமூணு மாசம் பேசாம இருந்தா மனுசன் இந்த அளவுக்கு வந்துர்றான்.

நீங்களா போய் நின்னு அவனுக்குத் தெரியக்கூடாது. நான் முன்னாடி போறேன். இன்னைக்கு வேலைக்குப் போகலை, வீட்டுலதான் இருக்கான். அவன் கதவைத் தட்டுனா முதல்ல என்ன சொல்றதுன்னு நான் எத்தனையோ யோசிச்சு வச்சிருந்தேன். மச்சான்னு ஆரம்பிக்கிறதா, மன்னிச்சிருன்னு ஆரம்பிக்கிறதா, ஒண்ணுமே நடக்காத மாதிரி கஞ்சி குடிச்சியான்னு கேக்குறதான்னு. இப்ப போய்த் தட்டி, உன் நம்பர் விழுந்துருச்சுடான்னு சொல்லப் போறேன்.

நீங்க ஒரு பத்து நிமிசம் கழிச்சு வாங்க சார். நேராப் போய் ரெண்டாவது தெரு, பச்சைக் கதவு.